இஞ்சின் ரூம் காவல்

ஈப்போவில் இருப்பவர் கடலைப் பார்க்க வேண்டுமானால் லூமுட் வரை எண்பது கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்ட வேண்டும். ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் மலைகள். மலை முடிந்த இடத்தில் பழைய ஈயக் குட்டைகள். அதைத் தாண்டினால் ஒரு காலத்தில் பால்மரம் நின்று இப்போது செம்பனை நிற்கும் தோட்டங்கள். இந்த ஊரில்தான் கப்பல் இஞ்சின் சொல்லித் தருகிறார்கள். 1969-இல் தொடங்கிய உங்கு ஓமார் பாலிடெக்னிக் நாட்டின் முதல் பாலிடெக்னிக். அங்கே கடல்சார் பொறியியலுக்கென்றே ஒரு துறை உண்டு.

இதில் வியப்புக்கு ஒன்றுமில்லை. கப்பலில் வேலை செய்பவர்களிலேயே கடலை மிகக் குறைவாகப் பார்ப்பவர் இஞ்சின் ரூம் ஆள்தான். அவர் இருப்பது நீர்மட்டத்துக்குக் கீழே. ஜன்னல் கிடையாது. நாற்பது டிகிரி வெக்கையும், காதடைப்பான் இல்லாமல் நிற்க முடியாத இரைச்சலும், டீசல் வாடையும்தான் அவருடைய கடல். அலை எவ்வளவு உயரம் என்பதை எண்ணெய்த் தொட்டியின் மட்டம் ஆடுவதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். தொழிலின் முக்கால் பங்கு, கண்ணுக்கு நேராகத் தெரியாத ஒன்றை ஊசியையும் எண்ணையும் சத்தத்தையும் சூட்டையும் வைத்து ஊகிப்பது. அதை மலைக்கு நடுவிலும் படிக்கலாம்.

ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்துக்கும் கப்பல் இஞ்சினுக்கும் இன்னொரு உறவு உண்டு. அது ஈப்போவைச் சுற்றிய கிந்தா பள்ளத்தாக்கின் மண்ணுக்குள் கிடந்த வெள்ளீயம். இங்கே ஈயம் என்றாலே அதுதான்.

பெரிய சரக்குக் கப்பலின் பிரதான இஞ்சின் மூன்று, நான்கு மாடி உயரம் இருக்கும். சுற்றும் வேகமோ நிமிடத்துக்கு நூறு சுற்றுக்கும் கீழே. பெரும் எடையுள்ள கிராங்க் ஷாஃப்ட் ராத்திரி பகலாக வாரக்கணக்கில் நிற்காமல் சுற்றுகிறது. அது உட்கார்ந்து சுற்றும் இடம் பேரிங். பேரிங்கின் உள்பக்கத்தில் சாம்பல் வெள்ளையாக மெல்லிய பூச்சு ஒன்று இருக்கும். கப்பல்காரர்கள் அதை ஒயிட் மெட்டல் என்பார்கள். 1839-இல் அமெரிக்கப் பொற்கொல்லர் ஐசக் பாபிட் கண்டுபிடித்த கலவையின் வாரிசு அது. பெரும்பங்கு வெள்ளீயம், கொஞ்சம் ஆன்டிமணி, கொஞ்சம் செம்பு. மிருதுவான ஈயத்துக்குள் கடினமான சிறு படிகங்கள் பதிந்திருக்கும். படிகங்கள் பாரம் தாங்கும். எண்ணெயோடு வந்த தூசியோ இரும்புத் துகளோ ஷாஃப்டைக் கீறாதபடி மிருதுவான பகுதி அதை விழுங்கிக்கொள்ளும்.

கிந்தாவில் தோண்டி, பினாங்கிலும் பட்டர்வொர்த்திலும் உருக்கி அனுப்பிய ஈயம் உலகத்துத் தகரடப்பாவுக்குப் போனது எல்லாருக்கும் தெரியும். பேரிங்குக்கும் போனது என்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. நம் பாட்டன்மாரை நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏற்றிக்கொண்டு வந்து பினாங்கில் இறக்கிய ரஜூலா, 1926-இல் கிளாஸ்கோவில் கட்டிய நீராவிக் கப்பல். அதன் பேரிங்குகளில் இருந்த ஈயம் எந்த ஊர் மண் என்று யாராலும் சொல்ல முடியாது. மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்திருந்தவர்கள் எந்த மண்ணை நோக்கிப் போனார்களோ, அந்த மண்ணும் அதில் கலந்திருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

இந்த ஈயப் பூச்சு சுமார் 240 டிகிரியில் இளகத் தொடங்கிவிடும். இது குறை மாதிரித் தோன்றும். உண்மையில் வேண்டுமென்றே வைத்த குணம் இது. எண்ணெய் வற்றினால் முதலில் இளகி வழிவது மாற்றக்கூடிய பூச்சு. கப்பலையே அறுத்தால்தான் வெளியே எடுக்கக்கூடிய கிராங்க் ஷாஃப்ட் பிழைத்துக்கொள்ளும்.

இஞ்சின் நன்றாக ஓடும்போது இரும்பும் ஈயமும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. இதைக் கண்டுபிடித்த கதை சுவையானது. 1880-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சின் பேரிங்கை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். எண்ணெய் விட வசதியாக இருக்கட்டும் என்று பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுற்றத் தொடங்கியதும் எண்ணெய் உள்ளே போவதற்குப் பதிலாக அந்தத் துளை வழியே பொங்கி வெளியே வந்தது. தக்கை வைத்து அடைத்தார், தக்கை கழன்றுவிட்டது. மரக்கட்டை அடித்தார், அதையும் தள்ளிவிட்டது. கடைசியில் அழுத்தமானி மாட்டிப் பார்த்தால் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டுக்கு மேல் காட்டியது. பேரிங் தாங்கிய சராசரிப் பாரத்தைப் போல அது இரண்டு மடங்கு. சுற்றும் அச்சு தானே எண்ணெயை ஒடுங்கிய இடைவெளிக்குள் இழுத்து, அந்த எண்ணெய்ப் படலத்தின்மேல் தானே மிதக்கிறது. 1886-இல் ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் இதற்குக் கணிதம் எழுதினார். மழை கொட்டும் நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும் லாரியின் டயர் தண்ணீரின்மேல் ஏறி, சாலையோடு தொடர்பு விட்டுப்போகிறதே, அதே இயற்பியல். லாரிக்காரருக்கு அது கெட்ட காலம். கப்பல்காரருக்கு அதுதான் பிழைப்பு.

அந்தப் படலத்தின் தடிமன் ஒரு தலைமுடியைவிடக் குறைவு. பல்லாயிரம் டன் கப்பல் ஓடுவது அதன் தயவில். ஆகவே இஞ்சின் ரூமில் எதைக் கண்காணிக்க வேண்டும் என்ற கேள்விக்கு முதல் பதில் எண்ணெய். எண்ணெயின் அழுத்தம், அது உள்ளே போகும் சூடு, வெளியே வரும் சூடு, தொட்டியில் அதன் மட்டம். அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் அலாரம் அடிக்கும். காத்திருக்கும் இரண்டாவது பம்ப் தானே கிளம்பும். அதுவும் போதாவிட்டால் இஞ்சின் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். இந்த மூன்று படிகளும் இன்றைய பெரிய கப்பல்களில் இருக்கின்றன. இருந்தும் என்ன நடக்கலாம் என்பதற்கு 2019 மார்ச் 23 சாட்சி.

அன்று நார்வேயின் மேற்குக் கரையில், ஹுஸ்டாட்விகா என்னும் பாறைகள் மண்டிய கடற்பகுதியில், வைக்கிங் ஸ்கை என்ற உல்லாசக் கப்பல் புயலில் போய்க்கொண்டிருந்தது. கப்பலில் 1,373 பேர். நான்கு டீசல் ஜெனரேட்டர்களில் ஒன்று ஏற்கெனவே பழுது. மீதி மூன்றும் ஓடின. பிற்பகல் இரண்டு மணி வாக்கில் மூன்றும் அடுத்தடுத்து நின்றன. அந்தக் கப்பலில் ஜெனரேட்டர் நின்றால் விளக்கு மட்டும் அணையாது. புரொப்பல்லரைச் சுழற்றும் மோட்டாரும் நின்றுவிடும். காற்று கப்பலைப் பாறையை நோக்கித் தள்ளியது. இரண்டு நங்கூரம் போட்டும் பிடிக்கவில்லை. ஓரளவு சக்தி திரும்ப அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் கப்பல் தன் நீளத்தளவு தூரத்தில் பாறையை நெருங்கிவிட்டிருந்தது. ஹெலிகாப்டரில் ஒவ்வொருவராகத் தூக்கி 479 பேரைக் கரை சேர்த்தார்கள்.

காரணம் புயல் மட்டும் இல்லை. மசகெண்ணெய்த் தொட்டிகளில் எண்ணெய் கொள்ளளவில் 28 முதல் 40 சதவீதம்தான் இருந்தது. இஞ்சின் தயாரிப்பாளர் சொன்ன அளவு 68 முதல் 75 சதவீதம். அமைதியான கடலில் இது தெரியவே தெரியாது. அழுத்தம் சரியாக இருக்கும், ஊசி பச்சைப் பகுதியிலேயே நிற்கும். கப்பல் உருளத் தொடங்கியதும் தொட்டியின் எண்ணெய் ஒரு பக்கமாகச் சாய்ந்து, உறிஞ்சும் குழாயின் வாய் காற்றைக் குடித்தது. அழுத்தம் சரிந்தது. இஞ்சின் தன் பேரிங்கைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே நின்றது. தானியங்கிப் பாதுகாப்பு தன் வேலையை அப்பழுக்கில்லாமல் செய்தது என்பதுதான் இதில் விசித்திரம். இஞ்சின்கள் தப்பின, கப்பல் போக இருந்தது.

அன்று விடியற்காலை ஐந்து மணியிலிருந்து ஒன்பது மணிவரை எண்ணெய் குறைவு என்று 18 அலாரங்கள் பதிவாகியிருந்தன. ஒவ்வொன்றும் சில வினாடிகளில் தானாக அடங்கிவிட்டது. கப்பல் உருளும்போது மட்டம் ஆடும், அலாரம் வரும், போகும். பொத்தானை அழுத்தி ஏற்றுக்கொண்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். இதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புயல் நாளில் ஒரு கட்டுப்பாட்டு அறையில் நூற்றுக்கணக்கான அலாரங்கள் கத்தும். எது உண்மையில் கத்துகிறது, எது சும்மா முனகுகிறது என்று பிரிப்பது லேசான காரியமில்லை. ஆனால் வந்து போகும் அலாரமும் ஓர் அளவீடு. எண்ணெய் எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று பதினெட்டுத் தடவை சொன்ன ஒரே செய்தி அது. 'போயிற்று' என்று பார்ப்பவர் ஒருவர், 'ஏன் திரும்பத் திரும்ப வருகிறது' என்று கேட்பவர் இன்னொருவர். இஞ்சின் ரூமில் பாதுகாப்பு என்று நான் சொல்வது இந்த இரண்டாமவரைத்தான். கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அவர் இல்லாவிட்டால் கணக்கு நேராகாது.

எண்ணெய் காப்பாற்றவும் செய்யும், கொல்லவும் செய்யும். 1947 செப்டம்பர் 11 அன்று, பெல்ஃபாஸ்ட் அருகே, பழுதுபார்த்து முடித்த ரெய்னா டெல் பசிபிகோ என்ற கப்பலைச் சோதனை ஓட்டம் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பிஸ்டன் அளவுக்கு மீறிச் சூடேறியது. சூடான உலோகத்தில் பட்ட எண்ணெய் ஆவியாகி, சற்றுக் குளிர்ந்த இடத்தில் வெண்ணிற மூடுபனியாக மாறி, கிராங்க் கேஸ் முழுவதும் நிறைந்தது. அந்தப் பனி காற்றோடு சரியான விகிதத்தில் கலந்துவிட்டால் வெடிமருந்து. அன்று வெடித்தது, 28 பேர் இறந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் கிராங்க் கேஸ் கதவுகளில் அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு உடனே மூடிக்கொள்ளும் வால்வுகள் கட்டாயமாயின. எண்ணெய்ப் பனியை மோப்பம் பிடிக்கும் கருவியும் வந்தது. இன்றைய பெரிய இஞ்சின்களில் அது ஒவ்வொரு சிலிண்டர் அடியிலிருந்தும் காற்றை இழுத்து, அதன் ஊடே ஒளியைப் பாய்ச்சி, எவ்வளவு மங்குகிறது என்று அளக்கிறது. மங்கினால் அலாரம். அந்த அலாரம் அடித்தால் செய்ய வேண்டியது வேகத்தைக் குறைப்பது, நிறுத்துவது, கதவுப் பக்கம் நிற்காமல் விலகிப் போவது. என்னதான் ஆயிற்று என்று கதவைத் திறந்து பார்க்கக் கை துறுதுறுக்கும். திறந்தால் புதுக்காற்று உள்ளே போகும். குறைவாக இருந்த ஒன்றை நாமே கொண்டுபோய்க் கொடுத்ததாக ஆகும். அரை மணி நேரமாவது ஆற விட வேண்டும். ஒன்றும் செய்யாமல் காத்திருப்பதும் ஒரு திறமை. அதைப் பயிற்சிக் கூடத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது.

எரிபொருள் பக்கம் விதிகள் சுருக்கமானவை. 220 டிகிரிக்கு மேல் சூடாகும் எந்தப் பரப்பும் மூடியிருக்க வேண்டும். உயர் அழுத்த எரிபொருள் குழாய்க்கு வெளியே இன்னொரு குழாய் உறையாக இருக்க வேண்டும். உள்குழாய் விரிசல் விட்டால் எண்ணெய் உறைக்குள் வடிந்து, ஒரு சிறு தொட்டியில் சேர்ந்து அலாரம் அடிக்கும். கனரக எண்ணெய் தார் போலக் கெட்டியானது. அதைச் சுமார் 130 டிகிரிக்குச் சூடேற்றி இளக்கித்தான் இஞ்சினுக்குள் தெளிக்கிறார்கள். அந்தச் சூட்டில் ஒரு மெல்லிய பீச்சல் எக்ஸாஸ்ட் குழாய்மேல் பட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. சிதம்பரம் கப்பலின் பெயர் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ரஜூலாவுக்குப் பின் சென்னைக்கும் மலேசியாவுக்கும் இடையே ஓடிய அதைத் தீ தின்றது 1985-இல். உயிர்கள் போயின, அந்தக் கப்பலின் கதையும் அதோடு முடிந்தது. லூமுட் கடற்படைத் தளத்திலேயே, துறையில் கட்டியிருந்த ஸ்ரீ இந்திராபுரா என்ற கப்பல் 2009 அக்டோபர் 8-இல் எரிந்து வீணானது. துறையில் கட்டிய கப்பல் பத்திரமானது என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

இனி மின்சாரம். இதற்கும் பேராக்கில் ஒரு நல்ல பாடம் மிதந்துகொண்டிருக்கிறது. ஈப்போவிலிருந்து பத்து காஜா வழியாகத் தஞ்சோங் துவாலாங் போகும் சாலையில், குளம் ஒன்றில் நிற்கும் 'டி.டி. 5' என்ற ஈயக் கப்பலைப் பலரும் பார்த்திருப்பார்கள். 1938-இல் சதர்ன் மலாயன் டின் டிரெட்ஜிங் நிறுவனத்துக்காகக் கட்டியது. 4,500 டன். மிதவையின் நீளம் 75 மீட்டர், அகலம் 35, ஆழம் 3. ஆறும் கடலும் காணாத கப்பல் இது. தான் தோண்டிய குளத்தில் தானே மிதந்து, முன்னால் தோண்டிப் பின்னால் கொட்டி, நாற்பத்து நான்கு வருஷம், 1982 வரை நகர்ந்துகொண்டே இருந்தது. சங்கிலியாகக் கோத்த வாளிகள் அடிமண்ணை அள்ளி மேலே கொண்டுவரும், சல்லடை சுற்றும், நீரில் அலசி ஈயத்தைப் பிரிக்கும். எல்லாவற்றுக்கும் மின்மோட்டார். நீராவியில் ஓடிய முதல் வாளிக் கப்பல் பத்து காஜாவுக்கு வந்தது 1913-இல். 1930-இல் பேராக் ஆற்றில் செண்டரோ அணை மின்சாரம் தரத் தொடங்கிய பிறகு கொதிகலன்களின் காலம் தேய்ந்தது.

டி.டி. 5-க்குக் கரையிலிருந்து கேபிள் வந்தது. மின்சாரம் போனால் வாளிகள் நிற்கும், மிதவையில் கசியும் நீரை இறைக்கும் பம்பும் நிற்கும். மற்றபடி அவசரமில்லை, குளம் எங்கும் போய்விடாது. ஆழ்கடல் கப்பலுக்கு அந்த நிம்மதி கிடையாது. அது தன் மின்சாரத்தைத் தானே செய்துகொள்ள வேண்டும். இஞ்சினுக்கு எண்ணெய் தரும் பம்ப், குளிர்நீர் பம்ப், எரிபொருள் பம்ப், சுக்கானைத் திருப்பும் பம்ப், எல்லாமே மின்சாரத்தில் ஓடுகின்றன. பிரதான இஞ்சின் எத்தனை ஆயிரம் குதிரைசக்தி கொண்டதாக இருந்தாலும் ஒரு சின்ன மோட்டாரின் பின்னால்தான் நிற்கிறது. துணை அமைப்புகள் என்று பாடநூல் ஒதுக்கி வைக்கும் இவைதான் உண்மையில் கப்பலை ஓட்டுகின்றன.

2024 மார்ச் 26, அமெரிக்காவின் பால்டிமோர். 300 மீட்டர் நீளமுள்ள டாலி என்ற கொள்கலன் கப்பல் நள்ளிரவு தாண்டித் துறையை விட்டுக் கிளம்பியது. மாலுமிகள் பெரும்பாலும் இந்தியர்கள், ஒருவர் இலங்கையர். வழியில் இருந்த பாலத்தை நெருங்கும்போது விளக்குகள் அணைந்தன. குளிர்நீர் பம்புக்கு மின்சாரம் போனதால் பிரதான இஞ்சின், எழுதி வைத்த விதிப்படி, தானே நின்றது. மின்சாரம் ஒரு நிமிடத்துக்குள் திரும்பியது, மறுபடியும் போனது. கப்பல் பாலத்தின் தூணில் மோதி, பாலம் சரிந்தது. மேலே குழி அடைத்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் ஆறு பேர் இறந்தார்கள். கப்பலை வழிநடத்திய பைலட் அனுப்பிய அபாய அழைப்பால் போக்குவரத்தை உடனே நிறுத்த முடிந்தது. இல்லாவிட்டால் எண்ணிக்கை இன்னும் கூடியிருக்கும்.

ஒன்றரை வருஷத்துக்கு மேல் விசாரித்துக் கண்டுபிடித்த மூல காரணம் ஒரே ஒரு வயர். அந்த வயரின் நுனிக்கு அருகே அடையாளச் சீட்டு ஒன்றை உறையாகச் சுற்றியிருந்தார்கள். சீட்டு தவறான இடத்தில் இருந்ததால் வயரின் நுனி இணைப்புப் பெட்டிக்குள் முழுதாகப் போய் உட்காரவில்லை. வருஷக்கணக்கில் அதிர்ந்து அதிர்ந்து ஒரு நாள் தொடர்பு விட்டது; பிரேக்கர் விழுந்தது. ஆயிரக்கணக்கான வயர்கள் உள்ள கப்பலில் அது ஒன்று.

இரண்டாவது இருட்டுக்குக் காரணம் வேறு. எனக்கு அதுதான் அதிகம் உறுத்துகிறது. ஜெனரேட்டர்களுக்கு எரிபொருள் தள்ள, குழாயைக் கழுவுவதற்கென்று வைத்த பம்பைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். வேலை நடந்தது, எண்ணெய் போனது, யாருக்கும் குறை தெரியவில்லை. ஆனால் அதற்கென்று வடிவமைத்த பம்ப் மின்சாரம் திரும்பியதும் தானே மறுபடி கிளம்பும். கழுவும் பம்ப் கிளம்பாது. முதல் இருட்டில் அது நின்றது, நின்றபடியே இருந்தது. ஜெனரேட்டர்கள் எரிபொருள் வற்றி இரண்டாம் முறை விழுந்தன. சாதாரண நாளில் இரண்டு பம்புக்கும் வித்தியாசமே இல்லை. வித்தியாசம் தெரிவது கெட்ட நாளில் மட்டும்.

இதனால்தான் நல்ல தலைமைப் பொறியாளர் புதிதாக ஏறிய கப்பலில் எது ஓடுகிறது என்பதோடு திருப்தி அடைவதில்லை. ஒன்று நின்றால் எது தானே எழும், எதைப் போய்க் கையால் எழுப்ப வேண்டும், அதற்கு எத்தனை படி இறங்க வேண்டும் என்று இருட்டில் நடந்து பார்ப்பார். அவசர ஜெனரேட்டர் 45 வினாடிக்குள் தானே கிளம்பி மின்சாரம் தர வேண்டும் என்பது சோலாஸ் என்னும் சர்வதேச ஒப்பந்தத்தின் விதி. வாரம் ஒருமுறை பொத்தானை அழுத்தி ஓடுகிறதா என்று பார்ப்பது ஒரு சோதனை. உண்மையாகவே மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பது வேறொரு சோதனை. முதலாவது ஜெனரேட்டருக்குச் சோதனை, இரண்டாவது கப்பலுக்கு.

தண்ணீரைப் பற்றி இரண்டு வார்த்தை. இஞ்சின் ரூமின் அடித்தட்டில், பில்ஜில், எப்போதும் கொஞ்சம் நீர் சேரும். எவ்வளவு என்பதைவிட நேற்றைக்கு இன்று எவ்வளவு என்பதே செய்தி. 2024 ஆகஸ்ட் 25-இல் ஜொகூர் கரைக்கு அப்பால் மலேசியக் கடற்படையின் பெண்டேகார் படகு நீருக்கடியில் எதிலோ மோதி, இஞ்சின் ரூமில் நீர் புகுந்து, மூழ்கிப்போனது. அதிலிருந்த 39 பேரும் காப்பாற்றப்பட்டார்கள். கப்பலின் அடியில் இருக்கும் மிகப் பெரிய அறைகளில் ஒன்று இஞ்சின் ரூம். அது நிறைந்தால் மற்ற அறைகள் காய்ந்திருந்தும் பெரிய பயன் இருக்காது. டி.டி. 5 கூட ஓய்வு பெற்ற பிறகு மிதவையில் ஒழுக்கு ஏற்பட்டுச் சாயத் தொடங்கி, பழுதுபார்த்த பிறகே நிமிர்ந்தது. ஓடுகிற காலத்தில் தினமும் கவனித்த ஆள் போனபின் தண்ணீர் தன் வேலையைத் தொடங்கிவிட்டது.

அந்த ஆளைப் பற்றிப் பேச வேண்டும். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு அவரைத் தெரியும். ரப்பர்ப் பால் ஸ்டோரில் உருளைகளைச் சுழற்றும் டீசல் இஞ்சினுக்கும், பொழுது சாய்ந்ததும் லயத்து வீடுகளுக்கு விளக்குத் தரும் ஜெனரேட்டருக்கும் ஓர் இஞ்சின் டிரைவர் இருப்பார். கையில் எப்போதும் ஒரு கந்தல் துணி. யாரிடமோ பேசிக்கொண்டிருப்பார், நடுவில் சட்டென்று பேச்சை நிறுத்தித் தலையைச் சாய்ப்பார். நமக்கு எந்த மாற்றமும் கேட்டிருக்காது. எழுந்து போய் எதையோ அரைத் திருகு திருகிவிட்டு வருவார். படிப்பு அதிகம் இல்லை. ஆனால் அந்த இஞ்சினின் சாதாரணச் சத்தம் அவர் மனதில் பதிந்திருந்தது. அதிலிருந்து விலகியது எதுவானாலும் அவரை எழுப்பிவிடும்.

கப்பலில் சுற்று வருவது என்பார்களே, அதன் சாரமும் இதுதான். காவல் நான்கு மணி நேரம். ஏற்பதற்கு முன்பே மேல் தட்டிலிருந்து அடித்தட்டு வரை நடந்து வர வேண்டும். பம்பின் உறைமேல் புறங்கையை வைத்துப் பார்ப்பார்கள். உள்ளங்கையைவிடப் புறங்கை சூட்டைச் சீக்கிரம் உணரும், மின்கசிவு இருந்து கை சுருண்டாலும் பிடித்துக்கொள்ளாது. எக்ஸாஸ்ட் சூடு சிலிண்டருக்குச் சிலிண்டர் எவ்வளவு வேறுபடுகிறது என்று பார்ப்பார்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட முப்பது டிகிரி கூடினால் எரிபொருள் தெளிப்பானில் கோளாறு இருக்கலாம்; எல்லாமே சேர்ந்து கூடினால் டர்போசார்ஜரில் கரி படிந்திருக்கலாம். ஒற்றை எண் ஒன்றும் சொல்லாது. பக்கத்து எண்ணோடும் நேற்றைய எண்ணோடும் சேர்த்தால்தான் பேசும்.

இன்று பெரும்பாலான சரக்குக் கப்பல்களில் இரவில் இஞ்சின் ரூமில் ஆளே இருப்பதில்லை. ஆயிரக்கணக்கான சென்சார்கள் பார்த்துக்கொள்கின்றன. அலாரம் அடித்தால் பொறுப்பில் உள்ள பொறியாளரின் அறையில் மணி அடிக்கும். அவர் சில நிமிடங்களுக்குள் இறங்கி வந்து ஏற்காவிட்டால் மற்றப் பொறியாளர்களையும் எழுப்பும். தனியாக உள்ளே போனவர் குறித்த நேரத்துக்கு ஒருமுறை ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் விழுந்துகிடக்கிறார் என்று எடுத்துக்கொண்டு அபாய மணி அடிக்கும். இதெல்லாம் முன்னேற்றம்தான், சந்தேகமில்லை. இருந்தாலும் சென்சார் வைத்த இடத்தைத்தான் சென்சார் பார்க்கும். டாலியின் தளர்ந்த வயருக்கு சென்சார் இல்லை. வெப்பத்தைப் படம் பிடிக்கும் கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டு யாராவது இணைப்புப் பெட்டிகளைச் சுற்றி வந்தால் இத்தகைய தளர்ந்த இணைப்புகள் அகப்படும். விசாரணைக்குப் பிறகு அந்தப் பழக்கத்தையும் பரிந்துரைத்திருக்கிறார்கள். மறுபடியும் ஆள் நடக்க வேண்டியிருக்கிறது.

நடக்கிற ஆள் விழித்திருக்க வேண்டும். எஸ்.டி.சி.டபிள்யூ. என்ற 1978-ஆம் ஆண்டின் சர்வதேச ஒப்பந்தம் கடலோடிகளின் பயிற்சிக்கும் காவலுக்குமான அடிப்படைச் சட்டம். அதன்படி எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு, ஏழு நாளில் 77 மணி நேரம். காவலை மாற்றிக்கொள்ள வருபவர் வேலை செய்யும் நிலையில் இல்லை என்று தோன்றினால், அவரிடம் ஒப்படைக்கக் கூடாது; தலைமைப் பொறியாளரிடம் சொல்ல வேண்டும். சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், துறைமுகத்தில் ராத்திரி முழுக்க எண்ணெய் ஏற்றிவிட்டு விடியற்காலையில் கப்பலைக் கிளப்பும் நாட்கள் இந்தத் தொழிலில் சகஜம். அந்த நாட்களில் ஓய்வு நேரத் தாளில் எழுதுவது வேறாகவும் தூங்கியது வேறாகவும் இருக்கும். லாக் புக்கில் சுற்று வராமலே எண்களை நிரப்புவதும் இதன் உடன்பிறப்பு. பொய்யான எண்ணைவிட வெற்றுக் கட்டம் மேல். வெற்றுக் கட்டத்தைப் பார்த்தாவது அடுத்தவர் போய் அளப்பார்.

பேராக்கில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் காலியாகி, பிள்ளைகள் ஈப்போவுக்கும் அதைத் தாண்டியும் வேலை தேடிப் போன பிறகு, கப்பலும் ஒரு வழியாகத் திறந்தது. ஆறு மாதம், ஒன்பது மாதம் என்று ஒப்பந்தத்தில் போகிறார்கள். சம்பளம் நன்றாக இருக்கிறது. வீட்டில் மகனோ மகளோ இந்தப் படிப்புக்குப் போகிறேன் என்றால் சம்பளத்தை மட்டும் விசாரிக்காதீர்கள். முதல் கப்பலில் ஏறுமுன் அந்த 10 மணி, 77 மணிக் கணக்கை அவர்களுக்கு மனப்பாடமாகத் தெரியுமா என்று கேளுங்கள். அளக்காத எண்ணையும் தூங்காத தூக்கத்தையும் எழுதச் சொன்னால் மறுக்கச் சட்டம் துணை நிற்கிறது என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.